தட்டிப் பார்த்தவர்

அவர் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். பாண் வாங்கினால் அதன் முதுகில் நடுவிரல் மொளியால் இரண்டு தட்டு. தேங்காய்க்கு இரண்டு தட்டு; அது எல்லாரும் செய்வதுதான். ஆனால் அவர் வாங்கைத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார், சுவரைத் தட்டிவிட்டுத்தான் சாய்வார். அவருடைய மனைவி செத்தபோது பெட்டி வந்து இறங்கியதும், அழுதுகொண்டிருந்த பெண்களை விலக்கிவிட்டுப் பலகையைத் தட்டிப் பார்த்து, "பக்கப் பலக ஊள, உள்ளார உளுத்துப் போச்சு. மாத்திக் கொண்டா" என்று தச்சனைத் திருப்பி அனுப்பினாராம். மாற்றுப் பெட்டி வரும்வரை பிணம் பாயில் கிடந்தது. இதை எனக்குச் சொன்னவன், அவரிடம் கூலிவேலை செய்த ராமையா, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். அவரைப் பற்றிச் சொல்ல எடுத்தால் முதலில் சிரிப்புத்தான் வரும்.

கொழும்பில் ட்ராம் ஓடிய காலம். யப்பான்காரனோடு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கிராண்ட்பாஸ் லைனில், கொட்டாஞ்சேனைக்குக் கிட்ட ஒரு வளைவு இருந்தது. வண்டி திரும்பித் திரும்பி அந்த வளைவில் தண்டவாளம் தேய்ந்து கத்தி விளிம்பாகிப் போயிருந்தது. புதுத் தண்டவாளம் சீமையிலிருந்து வரவேண்டும். சீமை இரும்பெல்லாம் பீரங்கியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் வளைவுக்கு யார் கப்பல் விடுவார்கள்? ஆகவே கொம்பனித் துரை ஒரு வழி கண்டுபிடித்தார். பழசைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கொஞ்சம் நல்ல பழசைப் போடுவது. ட்ராம் ஷெட்டுக்குப் பின்னால் பாவிக்காத கிளைப்பாதைகள் கிடந்தன. அவற்றைப் பிடுங்கி வந்து வளைவில் போட்டோம். எது இன்னும் தாங்கும், எது தாங்காது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவர். பாதைக் கோஷ்டியின் கங்காணி.

நான் அந்தக் கோஷ்டியின் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் நாலு பேரோடு படுத்தெழும்பிக்கொண்டிருந்தேன். எந்தத் தண்டவாளம் எங்கிருந்து கழன்று எங்கே போனது என்று கொப்பியில் எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வயது. அரசாங்கக் கிளறிக்கல் சோதனையைப் பாஸ் பண்ணிவிட்டால் இந்தத் தூசியிலிருந்து தப்பிவிடலாம் என்பதைத் தவிர மண்டைக்குள் வேறொன்றும் இல்லை.

அவர் குந்தி உட்கார்ந்து, இடது உள்ளங்கையைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, வலது கையால் சின்னச் சுத்தியலால் தட்டுவார். தட்டிக்கொண்டே வாத்துநடையாக அதன் நீளத்துக்கும் போவார். எங்களுக்கு எல்லாத் தட்டும் ஒரே 'ணங்'தான். அவர் ஓர் இடத்தில் நிற்பார்.

"இந்தா, இங்கன வெடிச்சிருக்கு. செத்தது. எழுதிக்கங்க கிளாக்கரய்யா."

மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் சம்மட்டியால் அடித்துப் பிளந்தால் உள்ளே மயிரளவு கறுப்புக் கோடு ஓடியிருக்கும். ஒருமுறையாவது அவர் கணக்குப் பிழைக்கட்டும் என்று நான் நேர்ந்துகொண்டதுண்டு. பிழைக்கவே இல்லை. துரைகூட அவரிடம் மரியாதையாகத்தான் நிற்பார்.

இதோடு நின்றிருந்தால் நல்ல தொழில்காரன் என்று எழுதிவிட்டுப் போகலாம். அந்த மனுஷன் ஆட்களையும் தட்டினார்.

காலையில் ஷெட் வாசலில் வேலைக்கு வந்தவர்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். முக்கால்வாசிப் பேர் தோட்டக்காட்டிலிருந்து இறங்கி வந்த இந்தியத் தமிழர்கள். இவர் பின்னாலிருந்து உள்ளங்கையை முதுகில் வைத்து மொளியால் தட்டுவார். "நிக்கலாம்." அடுத்தவன். "நிக்கலாம்." அடுத்தவன். "போகலாம்." போகலாம் என்றால் போகவேண்டியதுதான், அவன் நேற்றுவரை ஐந்து வருஷம் வேலை செய்தவனாக இருந்தாலும்.

யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு கோஷ்டியில் ஐந்து பேர் தலைமன்னாரில் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்கள். பதினாலு பேர் செய்கிற வேலைக்கு ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அந்த நேரத்திலும் ஒருவனைப் பின்னாலிருந்து தட்டிவிட்டு, "உள்ளார ஊள" என்றார்.

"சளிதாங்க சாமி. வேற ஒண்ணுமில்லீங்க" என்றான் அவன்.

இவர் அடுத்த முதுகுக்குப் போய்விட்டார். அந்த ஆள் சட்டையைக் கையில் பிடித்தபடி அன்று முழுக்க எங்கள் எதிரே றோட்டோரத்தில் நின்றான். இருமல் வரும்போது சட்டையை வாயில் அடைத்துக்கொண்டான். மறுநாள் ஆளைக் காணவில்லை. "பாவம்" என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என்று அப்போது நினைத்தேன். கேட்கத்தான் இல்லை; அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

விளக்குத் தடை இருந்ததால் இரவில் வேலை செய்ய முடியாது. பகலில், வண்டி ஓட ஓடத்தான் செய்தோம். அந்த இடத்தில் இரட்டைப் பாதை. ஒன்றைத் திறந்துபோட்டு வேலை செய்தால் மற்றதில் இரு பக்கத்து வண்டிகளும் மாறி மாறி ஓடும். நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கும் ஓடும் பாதைக்கும் நடுவே மூன்றடி இடைவெளி. குனிந்து அலவாங்கு போட்டு இரும்பை நெம்பினால் ஒரு கால் எப்படியும் ஓடும் பாதைக்குள் போய்விடும்.

இதற்கு மற்றக் கோஷ்டிகளில் சிவப்புக் கொடியோடு ஒருவனை நிறுத்துவார்கள். அவர் நிறுத்தவில்லை. கொடி பிடிக்கிறவன் வேலை செய்யாத இரண்டு கை என்பார். தானே ஓடும் பாதையோரம், வெறுங்காலைத் தண்டவாளத்தின் மேல் வைத்துக்கொண்டு நிற்பார். வண்டி கிட்ட வந்ததும், "ஒதுங்கு!" என்று ஒரு சத்தம். எல்லாரும் ஒரே தாவாகத் தாவுவார்கள், வண்டி உரசிக்கொண்டு போகும், மறுபடி குனிவார்கள். ட்ராமின் மணிச் சத்தத்துக்கு ஒருவரும் அசையக்கூடாது. அந்தச் சந்தியில் ரிக்‌ஷாவுக்கும் மாட்டுவண்டிக்கும் சேர்த்து நாள் முழுக்க மணி அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு மணிக்கும் நிமிர்ந்தால் வேலை நடக்காது என்பது அவர் கணக்கு. அவர் கூப்பிடுமுன் தலை தூக்கியவனுக்கு மறுநாள் காலையில் தட்டலே கிடையாது. "போகலாம்."

ட்ராம் ஓட்டுகிற சிங்களவர்களும் இதற்குப் பழகிப்போனார்கள். கடைசி நொடியில் தாவுகிற ஆட்கள்தானே என்று பிரேக்கில் கை வைப்பதில்லை.

ஒருநாள் முற்பகல் அபாயச் சங்கு ஊதியது. சம்மட்டியைப் போட்டது போட்டபடி எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். நான் கொப்பியை எடுக்கத் திரும்பி வந்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து ஒரு தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சங்கு காதைப் பிய்க்கிறது. அவர் தட்டுகிறார். பிறகு யாரையோ ஏச வாயைத் திறந்தபடி திரும்பினார். தெருவில் ஒரு குருவி இல்லை. அப்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். சந்தையில் தாயின் கையை விட்டுவிட்ட பிள்ளையின் முகம். ஒரு நிமிஷம்தான். முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, எழும்பி, வேட்டியைத் தட்டிவிட்டு, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி மெதுவாகக் குழியை நோக்கி நடந்தார்.

"நம்ம கங்காணிக்குக் குண்டுன்னாலும் தூசுதான்" என்றான் ராமையா, குழிக்குள் இருந்து. அவனுக்கு அவர்மேல் ஒரு பெருமை. கோஷ்டியிலேயே நல்ல சத்தம் கொடுக்கிற நெஞ்சு ராமையாவுடையது என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அதை அவன் பெண்சாதியிடமும் போய்ச் சொன்னவன்.

எனக்கு மட்டும் விளங்கிவிட்டது. மனுஷனுக்குக் காது போய்விட்டது. முப்பது வருஷச் சம்மட்டிச் சத்தம் தின்றுவிட்டது. அவர் இரும்பைக் கேட்பது இடது உள்ளங்கையால், வண்டியைக் கேட்பது காலால். யாருக்கும் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. காது நன்றாக இருந்த காலத்திலும் அவர் ஒருவர் சொல்வதையும் கேட்டவரில்லை.

மறுநாள் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அவருக்குப் பின்னால் போய் நின்று, "கிழட்டு நாயே" என்றேன், மெதுவாக. அசையவில்லை. கொஞ்சம் பலமாகச் சொன்னேன். சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் முறை சொல்லும்போது அவர் சட்டென்று திரும்பினார். என் வாய் திறந்தபடி நின்றது. அவர் என் உதட்டைப் பார்த்தார், பிறகு கண்ணைப் பார்த்தார். குந்தி மறுபடி தட்டத் தொடங்கினார்.

அடுத்த நாள் காலையில், "வெயில்ல எதுக்குங்க நிக்கிறீங்க கிளாக்கரய்யா? படிக்கிற புள்ள. நானா கடையில ஒக்காருங்க. எழுத வேண்டியத நா வந்து சொல்றேன்" என்றார்.

எதிரே ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை. அங்கே எனக்கு ஒரு ஸ்டூல். ஏழு மாதம் அந்த ஸ்டூலில் இருந்து சோதனைக்குப் படித்தேன். அவரும் நானும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. ஒன்பது பேர் குனிந்துகொண்டு ஒரு செவிடனின் சத்தத்தை நம்பியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவருடைய கால் பிழைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆங்கில இலக்கணம் மளமளவென்று ஏறியது.

கால் பிழைத்த நாள் ஒரு புதன்கிழமை. அன்று காலை ஓடும் பாதையில் தண்டவாள மூட்டு ஒன்றைத் தட்டிப் பார்த்தார். இரண்டு தண்டவாளத் துண்டு சேரும் இடத்தில் இரு பக்கமும் ஓர் இரும்புத் தகடு வைத்து இறுக்கியிருக்கும். அதில் ஒன்று வெடித்திருந்தது. இரண்டையும் கழற்றச் சொல்லிவிட்டு, வேறு கொண்டுவர ஷெட்டுக்கு லொறியை அனுப்பினார். அதுவரை துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. வண்டி மெதுவாகத் தாண்டிப் போகலாம், பாதகமில்லை. கடைக்கு வந்து சொன்னார், நான் கொப்பியில் எழுதினேன்: ஓடும் பாதை, மூட்டுத் தகடு கழற்றியது, மாற்று இன்னும் வரவில்லை. என் சொந்தக் கையெழுத்து.

இரும்பு விட்டுப்போனால் நடுக்கமும் அங்கேயே நின்றுவிடும். அது அவருக்குத் தெரியாததா? மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் காலால் கேட்கிறேன் என்று அவர் தனக்குத்தானே ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அதனால் அதை நினைத்துப் பார்க்கவில்லை. மூட்டுக்கு இந்தப் பக்கம் போய்த் தண்டவாளத்தில் காலை வைத்துக்கொண்டு நின்றார்.

கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டி வந்தது. மூட்டுக்கு அந்தப் பக்கம். மணி அடித்தது. நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேன். அவர் எதிர்ப்பக்கம் பார்த்தபடி நிற்கிறார். கூப்பிடுவார் என்று நினைத்தேன். சாரதி மணியைப் போட்டு மிதித்தபடி, "அயின் வெயங்! அயின் வெயங்!" என்று விலகச் சொல்லிக் கத்தினான். ராமையா ஓடும் பாதைக்குள் ஒரு காலை நீட்டிக்கொண்டு அலவாங்கில் தொங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு மணி கேட்டது. தலையைத் தூக்கினான். வண்டியைப் பார்க்கவில்லை, கங்காணியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. ராமையா தலையை மறுபடி குனிந்துகொண்டான்.

நான் கத்தியிருக்கலாம். பதினைந்து கெஜத் தூரம். என் வாயிலிருந்து வந்தது சத்தமில்லை, தேத்தண்ணி.

வண்டியை நிறுத்திவிட்டு எல்லாரும் ராமையாவைத் தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நானா என் கிளாசை எடுத்துத் துடைத்தார். "மகன், நீங்க இங்கதானே ஈந்தீங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என் முகம் பார்த்துத் தேத்தண்ணி தந்ததில்லை.

துரை விசாரணை வைத்தார். கங்காணி கூப்பிடவே இல்லை என்று ட்ராம் சாரதி சொல்லிவிட்டான். கோஷ்டி ஆட்கள், "சம்மட்டிச் சத்தத்துல தெரியலீங்க" என்று நிலத்தைப் பார்த்தார்கள். துரைக்குச் சந்தேகம். ஷெட் முற்றத்தில் ஆறு தண்டவாளங்களைப் போட்டு, எது பழுது என்று கேட்டார். கிழவர் குந்தினார், உள்ளங்கையை வைத்தார், தட்டினார். நாலாவதில் நின்றார். பிளந்து பார்த்தார்கள். கறுப்புக் கோடு. இந்தக் காதையா செவிடு என்கிறீர்கள் என்று துரை சிரித்தார்.

பிறகு என்னைக் கேட்டார், அவர் கூப்பிட்டதை நீ கேட்டாயா என்று. இல்லை என்றால் ஸ்டூலைச் சொல்லவேண்டும். ஏழு மாதத்தைச் சொல்லவேண்டும். சோதனைக்குப் போக லீவுக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டியவர் அந்தத் துரைதான். சோதனைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பக்கத்தில் நின்றேன், கூப்பிட்டதை நன்றாகக் கேட்டேன் என்றேன். ராமையாவின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அந்தத் தாளைச் சுத்தமாகப் பிரதி எடுத்ததும் நான்தான்.

முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரிக்கு அவரும் நானும் போனோம். ராமையா மெலிந்துபோய்க் கிடந்தான். தனக்கு இனி வேலை இல்லை என்பதை அவன் அமைதியாகக் கேட்டுக்கொண்டான். அவனுக்கு வேறொன்றுதான் வேண்டியிருந்தது.

"கிளாக்கரய்யா, கங்காணி கூப்பிட்டாருங்களா? நா அவரு மொகத்தத்தாங்க பாத்தேன்."

"ஓம் ராமையா. கூப்பிட்டவர்."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டனான்."

"அப்ப எங் காதுதாங்க சரியில்ல" என்றான். "மணி கேட்டுச்சே, இது கேக்கலியே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க கங்காணி" என்று அவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

அவருக்கு என்ன விளங்கியதோ. போர்வையை விலக்கி, மிச்சமிருந்த காலின் முழங்காலில் மொளியால் இரண்டு தட்டுத் தட்டினார். "இது நல்லாருக்கு" என்றார். ராமையாவின் பெண்சாதி தலைமாட்டில் நின்றவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது எனக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் அவரைக் காப்பாற்றியவன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் என்னை நிறுத்தினார். இடது உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தார். சட்டைக்கு மேலாகத் தட்டினார். ஓர் அங்குலம் தள்ளி மறுபடி தட்டினார். முகத்தில் கோபமில்லை, கேலியில்லை. தண்டவாளத்தைப் பார்க்கிற அதே முகம். தான் கூப்பிடவில்லை என்பது தனக்குத் தெரியும், எனக்கும் தெரியும் என்று தெரிந்த மனுஷன்.

"உள்ளார வெடிச்சிருக்குங்க கிளாக்கரய்யா" என்றார். "மேலுக்குத் தெரியாது."

அடுத்த திங்கட்கிழமை என்னைக் கோஷ்டியிலிருந்து மாற்றி ஷெட் கந்தோருக்குள் மேசை வேலைக்குப் போட்டார்கள். அவர்தான் துரையிடம் கேட்டாராம். தனக்காகப் பொய் சொன்னவன் பக்கத்தில் வேண்டாம் என்று நினைத்திருப்பார். கந்தோரில் மின்விசிறி இருந்தது. சோதனையில் பாஸ் பண்ணினேன். அவர் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் காலையில் முதுகுகளைத் தட்டிக்கொண்டும், தண்டவாளத்தில் காலை வைத்துக்கொண்டும் இருந்தார். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ராமையா கொட்டாஞ்சேனைக் கோவிலடியில் கச்சான் கடலை விற்றான். பக்கத்தில் பாதை. ட்ராம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாலும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பான், "மணி அடிச்சுதுங்களா?" அடித்தது என்று அவர் சொன்ன பிறகுதான் கட்டையை ஊன்றி எழும்புவான். எனக்குக் காது சரியில்லீங்க என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். ஒருமுறை என்னிடமே கேட்டான். "அடிச்சது" என்றேன். "ஐயா சொன்னாச் சரிங்க" என்று கடதாசியில் சுற்றிய கச்சான் சரை ஒன்றை என் கையில் வைத்தான். அதை நான் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு டொக்டரிடம் காட்டினேன். இளம்பிள்ளை. சட்டையைக் கழற்றச் சொல்லி, இடது கையை என் நெஞ்சில் வைத்து வலது விரலால் தட்டினார். ஓர் அங்குலம் தள்ளி மறுபடி தட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்டுமில்லை அங்கிள். நல்ல கிளியரா இருக்கு" என்றார்.

நல்ல பெடியன். தட்டத் தெரியாது.